இரண்டு மணி நாற்பது நிமிட நெருப்பு

டேரல் ஹோவ்லாண்ட் கேஸ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி குளியலறை எடை மெஷினின்மேல் ஏறி நிற்கிறார். எண் அவருக்குத் தெரிவதில்லை. அவரது தொப்பை ஒருபுறமும் சிலிண்டரின் தொப்பை மறுபுறமும் மறைக்கின்றன. குனிந்தால் எண் மாறிவிடும். "ஜானெல்! என்ன காட்டுது?" என்று குரல் கொடுக்கிறார். முப்பத்திரண்டு ஆண்டுகளாக அவருக்கு மனைவியாக இருக்கும் ஜானெல், வாயில் பற்பசை நுரையோடு குனிந்து பார்த்து, "இருநூத்தி இருபத்தி நாலு புள்ளி ரெண்டு" என்கிறார். டேரல் இறங்கி, சிலிண்டரைக் கீழே வைத்து, தாம் மட்டும் மறுபடி ஏறுகிறார். இருநூற்று ஒன்று. சிலிண்டரின் கழுத்து வளையத்தில் பொறித்திருக்கும் காலி எடை பதினேழு. எல்லாம் கழித்தபின், மருந்துக் கடைக்காரர் வேளையும் அளவும் சொல்வதுபோல் அறிவிக்கிறார்: "ஆறு புள்ளி ரெண்டு பவுண்டு. அப்ப ரெண்டு மணி நாப்பது நிமிஷம்."

விருந்தாளி வருகிறார் என்றால் மற்ற வீடுகளில் படுக்கை விரிப்பை மாற்றுவார்கள். ஹோவ்லாண்ட் வீட்டில் விருந்தாளிக்கு எடை போடுவார்கள்.

டேரலுக்கு வயது ஐம்பத்தெட்டு. மினசோட்டா மாநிலத்தின் எல்க்வாட்டர் ஊரில் பள்ளிப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுவது தொழில். பத்தொன்பது பேருந்துகள், முந்நூற்று நான்கு நிறுத்தங்கள். பனிக்காலத்தில் ஒரு குழந்தை கையுறையைத் தவறவிட்டு எடுத்துக்கொள்ள ஆகும் நேரம் அந்த அட்டவணையில் உண்டு; தாய்க்கு முத்தம் கொடுக்க ஆகும் நேரம் இல்லை. "அத வீட்டுக்குள்ளயே முடிச்சிட்டு வரட்டும்" என்பது அவர் வாதம்.

அவரது வீட்டுக் கொல்லைப்புறத்தில் கல் பாவிய தளத்தின் நடுவே வட்டமான இரும்புத் தீக்குழி ஒன்று இருக்கிறது. உள்ளே கருப்பு எரிமலைக் கற்கள், கற்களுக்கடியில் துளையிட்ட குழாய், குழாயின் மறுமுனையில் சிலிண்டர். இதற்கு முன் அங்கே விறகு எரியும் குழிதான் இருந்தது. தேவாலயக் குழுவைச் சேர்ந்த விர்ஜில் ஒருநாள் வந்து, பேச்சு சுவாரசியத்தில் தாமாகவே ஒரு கட்டையை எடுத்துப் போட்டார். பிறகு இன்னொன்று. நான்காவது கட்டை சாம்பலாகும்வரை தம் வீட்டுக் கிணற்று மோட்டாரின் வரலாற்றைச் சொன்னார். எழுந்து போங்கள் என்று சொல்ல எல்க்வாட்டரில் யாருக்கும் நாக்கு எழாது. அப்படிச் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? அன்றுதான் டேரலுக்கு ஞானம் பிறந்தது. விறகு நெருப்புக்கு விருந்தாளிதான் எஜமான். கேஸ் நெருப்புக்கு வீட்டுக்காரன். மறுவாரமே விறகுக் குழி போய்விட்டது.

அதன்பின் அவர் கற்றதை ஒரு கல்வி என்றே சொல்ல வேண்டும். குமிழை முழுவதும் திருப்பி வைத்தால் அந்தக் குழி மணிக்கு ஐம்பதாயிரம் வெப்ப அலகு எரிக்கும். அதாவது இரண்டேகால் பவுண்டுக்குச் சற்று மேல். இருபது பவுண்டு சிலிண்டர் எட்டரை மணி நேரம் தாங்கும். பாதிச் சுடரில் பதினேழு. இரும்புச் சாமான் கடையில் யாராவது சிலிண்டர் வாங்க நிற்பதைக் கண்டால் டேரல் அருகே போய் நிற்பார். "எண்பது சதவீதம்தான் நிரப்புவான், அதனால இருபதுல பதினாறுதான் இருக்கும்னு நினைக்கிறீங்கல்ல?" என்று கேட்பார். அந்த மனிதர் அப்படி எதையும் நினைத்திருக்க மாட்டார். "தப்பு. எண்பது சதவீதம் நிரப்பினதுதான் இருபது பவுண்டு. எல்லாரும் ரெண்டு தடவ கழிக்கிறாங்க. ஆனா காலி சிலிண்டர வாங்கிக்கிட்டு இந்தக் கூண்டுலேர்ந்து மாத்திக் குடுக்கறானே, அதுல பதினஞ்சுதான். அது வேற கதை." அந்த வேறு கதையையும் சொல்லி முடித்த பிறகே நகர்வார். தம் வீட்டில் அடுத்தவர் பேச்சுக்கு அளவு வைத்தவர், கடை நடைபாதையில் தம் பேச்சுக்கு அளவு வைத்ததாக யாரும் சொல்லவில்லை.

கார் கொட்டகையில் ஏழு சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். எதுவும் நிறைந்ததில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு குறைந்தது. காகிதப் பட்டை ஒட்டி அவற்றின்மேல் பெயரும் எரியும் நேரமும் எழுதியிருந்தார். "தேவாலயம் 2.15." "எதிர் வீடு 1.50." ஜானெலின் தங்கை ரோண்டா ஒருநாள் துடைப்பம் எடுக்கக் கொட்டகைக்குள் போனவர், "ரோண்டா 1.20" என்பதைப் படித்துவிட்டு வெளியே வந்தார்.

"இது என்ன மச்சான், என் ஆயுசா?"

"இல்ல ரோண்டா, அது... கேஸ் அளவு."

"எதிர் வீட்டுக்காரனுக்கு ஒன்னு அம்பது. அவன் நாய் உன் செருப்பக் கடிச்சுது. நான் என்ன கடிச்சேன்?"

அதன்பின் டேரல் பெயர்களைக் கிழித்துவிட்டுப் பேருந்துத் தட எண்களை எழுதினார். ரோண்டா இப்போது தடம் ஒன்பது. நேரம் மட்டும் மாறவில்லை.

குழியைச் சுற்றி உட்காருபவர்களுக்கு ஒரே ஒரு விதிதான்: குமிழைத் தொடக்கூடாது. குச்சியில் மார்ஷ்மெல்லோ மிட்டாயைக் குத்திச் சுடுகிறவர்கள் சுடர் அதிகம் என்று குறைக்கப் போனால், "அத அப்படியே விட்டுடுங்க, அது ஓடுற மாதிரி ஓடட்டும்" என்று புன்னகையோடு தடுப்பார். அவர்கள் கருகியதையே தின்பார்கள். குறித்த நேரத்தில் சுடர் அணைந்ததும் டேரல், "அடடா, தீர்ந்துபோச்சா!" என்று ஒவ்வொரு முறையும் புதிதாக வியப்பார். விருந்தாளிகள் முழங்காலில் கையைத் தட்டி, "சரி... அப்ப" என்று எழுவார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஏழாண்டுகளில் அந்தக் கணக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் பிசகியதில்லை. பத்து என்று ஜானெல் சொல்வதற்கு ஆதாரமில்லை.

அந்தச் செப்டம்பர்க் கடைசிச் சனிக்கிழமை எடை போட்ட சிலிண்டர், தடம் பதினான்கு. தடம் பதினான்கு என்பது அண்ணன் லோவல்.

லோவலுக்கு அறுபத்து மூன்று வயது. மூன்று மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில், சர்க்கரைக்கான பீட்ரூட் பயிரிடுபவர். கல்யாணமே வேண்டாம் என்றிருந்தவர். அவர் ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினால், விஷயத்தைச் சுற்றியுள்ள வேலியை முதலில் முழுக்கச் சுற்றிவருவார். வாசல் கண்ணில் பட்டாலும் அதைத் தாண்டி இன்னொரு சுற்று போவார். தம்பியிடம் தொலைபேசியில் வானிலையைத் தவிர வேறெதையும் அவர் பேசியதாகக் குடும்பத்தில் ஒருவருக்கும் நினைவில்லை.

வியாழக்கிழமை ஆர்டிஸ் என்ற பெண்மணி ஜானெலை அழைத்தார். லோவலின் ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், கணவரை இழந்தவர்.

"நவம்பர் மூணாவது சனிக்கிழமை எனக்கும் லோவலுக்கும் கல்யாணம். டேரல்கிட்ட சொல்லிடாத. மாப்பிள்ளைத் தோழனா பக்கத்துல நிக்கச் சொல்லி லோவல்தான் நேர்ல கேக்கணுமாம். அதுக்குத்தான் வர்றான்."

"அடி ஆத்தீ! நல்ல சேதி, ஆர்டிஸ்."

"சேதி நல்லதுதான். கேப்பானாங்கிறதுதான் சந்தேகம். எங்கிட்ட கேக்க ஒன்பது வருஷம் ஆச்சு. செவ்வாய்க்கிழம அறுவடை ஆரம்பிச்சா அப்புறம் அவன் ஊர விட்டு நகர மாட்டான். கேக்காம திரும்பி வந்தான்னா, 'டேரலுக்கு வேல இருக்கும்'னு சொல்லிட்டு தானியக் கிடங்கு மேனேஜர நிக்க வச்சிடுவான். அந்த ஆளு ஆர்கன் சத்தத்துல தூங்குவாரு."

ஜானெல் சத்தியம் செய்து கொடுத்துவிட்டார். எனவே சனிக்கிழமை காலை, எடை மெஷினிலிருந்து இறங்கிய கணவரிடம் காரணம் சொல்லாமல் கேட்க வேண்டியிருந்தது.

"இன்னிக்கு ஒரு முழு சிலிண்டர் வையேன், டேரல்."

"முழு சிலிண்டரா? எட்டர மணி நேரம்! அது விருந்தா, வேலை நேரமா?"

"உன் அண்ணன் அவன். மூணு மணி நேரம் ஓட்டிட்டு வர்றான்."

"அதனாலதான் சொல்றேன், திரும்பவும் மூணு மணி நேரம் ஓட்டணும். அவன் நல்லதுக்குத்தான் பாக்கறேன். ரெண்டு மணி நாப்பது நிமிஷத்துல சொல்ல முடியாதது உலகத்துல எதுவும் இல்ல."

"உலகத்துல இல்ல. உங்க குடும்பத்துல இருக்கு."

அதை அவர் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனார்.

லோவல் ஐந்து மணிக்கு வந்தார். முடி வெட்டியிருந்தார். ஜானெல் செய்த ஹாட்டிஷை, உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியுமாக, இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, "மோசமில்ல" என்று அந்தக் குடும்பத்தின் மிக உயர்ந்த பாராட்டை வழங்கினார். சரியாக ஆறு மணிக்கு டேரல் தீக்குழியைப் பற்றவைத்தார். லோவல் நாற்காலியில் சாய்ந்து, மரியாதைக்காக ஒன்றைக் கேட்டார்.

"நல்லா எரியுதே. எவ்வளவு நேரம் ஓடும் இது?"

வேறு எந்த வீட்டுக்காரனும், ஓடுகிறவரை ஓடட்டும் என்று சொல்லியிருப்பான். டேரலுக்கு வாயில் நீர் ஊறிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தார்.

"எட்டு நாப்பது. ரெண்டு மூணு நிமிஷம் முன்னப்பின்ன இருக்கும்."

ஜானெல் கண்களை மூடிக்கொண்டார். லோவல் தலையசைத்தார். தமக்குக் கொடுக்கப்பட்டது எவ்வளவு என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

ஆறு முதல் ஆறரை வரை மழை பற்றிப் பேசினார்கள். ஆறரை முதல் ஏழு வரை, பத்தாம் எண் நெடுஞ்சாலையில் தார் போடுகிறவர்களின் சோம்பல். ஏழு மணிக்குச் சூரியன் மறைந்தபோது லோவலின் இடது முழங்கால் பேச்சுக்கு வந்தது; ஏழு இருபதுக்கு வலது முழங்கால். ஏழு நாற்பதுக்கு முதன்முறையாக "ஆர்டிஸ்" என்ற பெயர் அவர் வாயிலிருந்து வந்தது. ஜானெல் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். ஆனால் அது ஆர்டிஸ் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றிய பேச்சாகவே தொடங்கி, கூரை ஆணிகளைப் பற்றிய பேச்சாகவே முடிந்தது. டேரல் ஆணிகளைப் பற்றித் தமக்குத் தெரிந்த அனைத்தையும் சொன்னார். அதுவே பதினோரு நிமிடம்.

எட்டு மணிக்குச் சுடர் தாழ்ந்தது.

கோடையில் போட்ட கணக்குக்குச் செப்டம்பர்க் குளிர் தெரியாது. சிலிண்டரின் அடியில் கொஞ்சமே மிச்சமிருக்கும்போது முழுச் சுடரில் எரித்தால், உள்ளே இருப்பது தானும் குளிர்ந்து, ஆவியாக மாட்டேன் என்று அடம் பிடிக்கும். சிலிண்டரின் இடுப்பில் வெண்பனி படர்ந்திருந்தது. ஓரடி உயரமிருந்த நெருப்பு ஒரு சாணாயிற்று. பிறகு நான்கு விரற்கடை. டேரல் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது நிமிடம் முன்னதாக. அவமானத்தில் அவர் காது சிவந்தது.

"கொறையுதே" என்றார் லோவல். அவருடைய இரண்டு கைகளும் முழங்கால்களின்மேல் போய் அமர்ந்தன. அந்த ஊரில் அப்படிக் கைகள் போய் அமர்ந்தால் அடுத்தது தட்டுதல்; தட்டியபின் உட்காருவதில்லை.

ஜானெல் எழுந்து சமையலறைக்குள் போனார். பூவாளியில் வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரோடு வந்து, இருட்டில் சிலிண்டரின் பக்கத்தில் நின்று மெதுவாகச் சாய்த்தார்.

"என்ன பண்ற நீ?" என்றார் டேரல்.

"செடிக்குத் தண்ணி ஊத்துறேன்."

"அங்க செடியே இல்லையே."

"இருந்துச்சு. நீ சிலிண்டர் வச்ச."

வெண்பனி கரைந்து வழிந்தது. சுடர் 'ஹு' என்று மூச்சு விட்டு மறுபடி ஓரடி எழுந்தது. லோவலின் கைகள் முழங்காலிலிருந்து இறங்கின. டேரல் மனைவியைப் பார்த்தார், பூவாளியைப் பார்த்தார். தம் சாதனத்தைத் தமக்கெதிராகவே யாரோ இயக்கக் கற்றுக்கொண்டுவிட்ட கலக்கம் அவர் முகத்தில் தெரிந்தது. இன்னும் இரண்டு முறை ஜானெல் அந்த இல்லாத செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

எட்டரை மணிக்கு லோவல் நெருப்பைப் பார்த்தபடி சொன்னார்:

"உன்கிட்ட அந்தச் சாம்பல் கலர் கோட்டு இன்னும் இருக்குல்ல?"

"இருக்கு. எதுக்கு?"

"சும்மாதான். போடுற மாதிரி இருக்கா?"

"பித்தான் போட முடியாது. மத்தபடி போடலாம். எதுக்குக் கேக்குற?"

"நவம்பர்ல தேவப்படலாம்னு பாத்தேன்."

"நவம்பர்ல மான் வேட்டைக்குத்தான போவோம்?"

"வேட்டைக்கு எவன் கோட்டு போடுவான்?" என்றார் லோவல், சற்று எரிச்சலாக. பிறகு மிகத் தாழ்ந்த குரலில், "ஆர்டிஸும் இருப்பா" என்றார்.

"வேட்டைக்கா?"

ஜானெல் பூவாளியைக் கீழே வைத்தார். கையில் இருந்தால் கணவர் தலையில் கவிழ்த்துவிடக்கூடும் என்று பட்டது. லோவல் வாயைத் திறந்தார். மூடினார். தொண்டையைச் செருமினார். மறுபடி திறந்தார்.

'டுப்' என்றது குழி.

நெருப்பு இல்லை. எட்டு நாற்பத்து மூன்று. மூன்று நிமிடம் முன்பின் இருக்கும் என்று டேரல் முன்பே சொல்லியிருந்தார். சொன்ன சொல் தவறவில்லை. பழக்க தோஷத்தில் அவர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் "அடடா" என்று வாயெடுத்தார்.

லோவல் முழங்காலைத் தட்டினார். "சரி... அப்ப" என்று பாதி எழுந்தார். "நல்ல கணக்கு, டேரல். சொன்ன மாதிரியே நின்னுடுச்சு. உனக்கும் வேல இருக்கும்."

இதைவிட உயர்ந்த பாராட்டை டேரல் தம் வாழ்நாளில் கேட்டதில்லை. ஆனால் அவர் மகிழவில்லை. அரைகுறை வெளிச்சத்தில் அவர் உதடுகள் அசைவதை ஜானெல் கண்டார். கோட்டு. நவம்பர். ஆர்டிஸ். முந்நூற்று நான்கு நிறுத்தங்களை ஒரு தாளில் கோப்பவர், மூன்றே நிறுத்தங்களைக் கோக்க இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதை அவருடைய அலுவலகத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். கோத்து முடித்ததும் நிமிர்ந்தார்.

"உக்காரு, லோவல்."

"நெருப்பு போச்சேப்பா."

"எங்க போச்சு? இன்னும் இருக்கு."

சொல்லிவிட்டு டேரல் நாற்காலியை முன்னால் இழுத்து, இரண்டு உள்ளங்கைகளையும் அந்தக் கருங்கற்களுக்கு மேல் நீட்டினார். லோவல் கற்களைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். மீண்டும் கற்களைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, தம் கைகளையும் நீட்டினார். ஒரு வாக்கியம் பேசுவதைத் தவிர்க்க அணைந்த அடுப்பில் குளிர்காயும் இரு முதிய ஆண்களை ஜானெல் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்துல நிக்க ஒரு ஆள் வேணும்னு பாதிரியார் சொல்றாரு" என்றார் லோவல், கற்களிடம்.

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம். ஆர்டிஸே வாசிக்கறேன்னு அடம் பிடிச்சா இருபத்தஞ்சு."

"நிக்கலாம்."

"இல்ல, கிடங்கு மேனேஜர் கூட இருக்காரு, உனக்கு ஒருவேள..."

"நிக்கலாம்னு சொன்னேன்ல."

லோவல் தலையசைத்தார். காற்று வீசிக்கொண்டே இருந்தது; நேரம் போகப்போகக் கற்கள் சில்லிட்டன. இருவருமே கையை எடுக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, உள்ளங்கை போதுமான அளவு சூடேறிவிட்டது என்பதைப்போல, டேரல் இரண்டு கைகளையும் மெல்லத் திருப்பிப் புறங்கைகளைக் காட்டினார்.